நான் காட்டிய ஐந்து ரிப்பன்கள்

எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. "சாமுவேல் சாரைப் பத்தி நீங்கதான் எழுதணும். அவுரு ஜோக்கெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்று செயலாளர் நாலு வெள்ளைத் தாளை வைத்துவிட்டுப் போனார். கூடவே விமானப்படையில் இப்போது வேலை பார்க்கும் செயலாளரின் மருமகனும் வந்திருந்தார். "இப்பல்லாம் எங்க கோளாறுன்னு பிளேனே சொல்லிடும் அங்கிள். அந்தக் காலத்துல நீங்க எப்படித்தான் பாத்தீங்களோ" என்றார். கண்ணால் பார்த்தோம், கையால் தொட்டோம். வேறு எப்படிப் பார்ப்பது.

ஜோக்குகளை எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்குவாட்ரன் லீடர் சாமுவேல் மேல் எனக்குப் பொறாமை. செத்துப்போன மனிதர் மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். அவர் இருக்கும்போது ஆரம்பித்த பொறாமை அவரோடு சேர்ந்து போகவில்லை, நான் என்ன செய்யட்டும்.

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறி. குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வேலை எனக்குச் சரிப்படவில்லை. பதினெட்டு வயதில் விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிவிட்டேன். பயிற்சி இரண்டு வருடம். இந்தியில் திட்டு, ரொட்டி, எஞ்சினைப் பிரி, மறுபடி மாட்டு. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சார்ஜன்ட் ஆகி, வடகிழக்கில் மலை ஓரத்து விமானத்தளம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே எங்களிடம் இருந்தவை ஒற்றை எஞ்சின் விமானங்கள். மலை மேல் இருக்கும் காவல் நிலைகளுக்கு அரிசி, மருந்து, தபால், சில சமயம் ஆட்கள் என்று கொண்டுபோகும். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க இறக்கைக்கு இரண்டு, வாலுக்கு இரண்டு என்று நான்கு பூட்டுக் கட்டைகள் மாட்டுவோம். எஞ்சின் வாய்க்கு ஓர் அடைப்பு. இறக்கையில் விரல் தடிமனுக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஒரு கான்வாஸ் உறை. அந்தக் குழாய்க்குள் காற்று புகுந்தால்தான் விமானியின் முன்னால் இருக்கும் முள் வேகத்தைக் காட்டும். இந்த ஆறு பொருளுக்கும் முழ நீளத்தில் சிவப்பு ரிப்பன் தைத்திருக்கும். கிளம்புவதற்கு முன் ஆறையும் கழற்றி எடுத்துக்கொண்டு விமானத்துக்கு எதிரே போய் நின்று, ரிப்பன்கள் தனித்தனியாகத் தொங்கும்படி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். விமானி உள்ளேயிருந்து எண்ணிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். பிறகுதான் எஞ்சினைத் தொடலாம். இதற்கெல்லாம் முன்பே 'எழுநூறு' என்று நாங்கள் சொல்லும் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்குக் கீழே அவர் போட்டிருப்பார்.

ஒரு விமானத்தைச் சுற்றிப் பார்க்க எனக்கு இருபது நிமிடம் ஆகும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். இடது பக்கம் ஆரம்பித்து, ஒவ்வொரு மரையையும் விரலால் தொட்டுக்கொண்டு வால் வரை போய், வலது பக்கமாகத் திரும்பி வருவேன். அதுவரை தொடாத இடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்தத் தளத்துக்குத்தான் சாமுவேல் மாற்றலாகி வந்தார். ஆரணியில் போதகர் மகன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றேன், அவர் காலேஜ் போய் அதிகாரியாக வந்தார். முதல் நாளே என் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, "இன்னா ஏகாம்பரம், ஆரணியில மழையா?" என்றார். ஊர்த் தமிழை அந்த மலைக்காட்டில் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவு ஒரு மாதம்தான் இருந்தது.

அவர் யாரையும் திட்டமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் தலையைச் சாய்த்து, நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். திட்டு வாங்கினால் சாயங்காலம் மறந்துவிடலாம். அவர் சொன்ன ஜோக்கு சமையல்கட்டு வரை போய்விட்டு மறுநாள் நம்மிடமே திரும்பி வரும். "பைலட்டுக்கு ரெண்டே வேலைதான்பா. ஏர்றது, எறங்கறது. நடுவுல மேகத்தப் பாத்துகினு சம்பளம் வாங்கறது" என்பார். மேலே கடவுளைப் பார்த்ததுண்டா என்று ஒரு சிப்பாய் கேட்டதற்கு, "பாத்தேன். எழுநூறுல ஏகாம்பரம் கையெழுத்து இருக்குதான்னு கேட்டாரு" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அது பாராட்டா கேலியா என்று யோசித்தே எனக்கு ஒரு வாரம் போயிற்று.

விமானம் ஒழுங்காக இறங்கினால் "சாமுவேல் சார் என்னமா ஓட்டினாரு" என்பார்கள். இறங்குவதில் கொஞ்சம் ஆட்டம் கண்டால் "யாருய்யா சர்வீஸ் பண்ணது" என்பார்கள். இதுதான் எங்கள் பிழைப்பு. காவல் நிலையில் இருந்து திரும்பும் சிப்பாய்கள் அவருக்குக் கைகொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போவார்கள். என் வயிறு எரியும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எரியும்.

அந்த நாள் காலையில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. லீவு முடிந்து திரும்பும் இரண்டு சிப்பாய்கள் தபால் மூட்டைகளோடு ஏறக் காத்திருந்தார்கள். எனக்குக் கீழே புதிதாக வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் என் வழக்கப்படி ஆரம்பித்துப் பாதி தூரம்கூடப் போகவில்லை. சாமுவேல் வந்தார், கையைப் பின்னால் கட்டினார்.

"ஏகாம்பரம் பிளேன செக் பண்ணலப்பா. பிரதட்சணம் பண்ணிகினு இருக்காரு. இன்னும் கற்பூரம் காட்டல, அதான் லேட்டு" என்றார். சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொரு மரையையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நான் நடப்பது போலவே நாலு அடி நடந்தும் காட்டினார். சிப்பாய்கள் சிரித்தார்கள். எனக்குக் கீழே வேலை கற்க வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் நடையைப் பார்த்தே சிரித்தார்கள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மீதியை வேகமாக முடித்தேன். விரலால் தொடவில்லை, கண்ணால் ஓட்டிவிட்டேன். கையில் கிடைத்த ரிப்பன்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்று கையை உயர்த்தினேன். தனித்தனியாகத் தொங்கவிடவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கட்டைவிரல் உயர்ந்தது மட்டும் தெரிந்தது. உடனே திரும்பி நடந்து, ரிப்பன்களை ஷெட் வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். மேகம் விலகட்டும் என்று டவர்க்காரர்கள் விமானத்தை இருபது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள் என்பதும், அந்த இருபது நிமிடமும் சாமுவேல் கீழே இறங்கிச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

விமானம் எழும்பிய சத்தம் கேட்டது. ஷெட்டில் ரிப்பன்களை ஆணியில் மாட்டப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது ஆணி காலி. குழாயின் உறை.

வெளியே ஓடினேன். அதற்குள் அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஓடுபாதை முடியும் இடத்தில்தான் முள் நகரவில்லை என்பதைக் கவனித்தாராம். நிறுத்த இடமில்லாமல் மேலே ஏறிவிட்டார். வேகம் தெரியாமல், எஞ்சின் சத்தத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு மூன்று தடவை வட்டமடித்தார். நாலாவது தடவை இறங்கினார். வேகம் அதிகமாகி, ஓடுபாதையைத் தாண்டி, சாக்கடையில் சக்கரம் ஒடிந்து, இறக்கை தரையில் உரசி நின்றது. ஒரு சிப்பாய்க்குக் கை முறிந்தது. சாமுவேலுக்கு நெற்றி பிளந்தது. யாரும் சாகவில்லை. அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேனோ தெரியாது.

விசாரணையில் அவர் நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். "சார்ஜன்ட் ஆறையும் காட்டினார். நான் எண்ணினேன். பிறகு தாமதமானபோது தூறல் விழுந்ததால் நானே இறங்கி, ஷெட் வாசலில் கிடந்த உறையை எடுத்துக் குழாய்க்கு மாட்டினேன். கிளம்பும்போது எடுக்க மறந்துவிட்டேன். என் தவறு" என்றார்.

விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஆறையும் காட்டினீர்களா?"

என் மனைவி அப்போது ஆரணியில் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அந்த நிமிடத்தில் அவள் நினைவே எனக்கு வரவில்லை. "ஆமாம் சார்" என்றேன்.

அதோடு அவர் உத்தியோகம் முடங்கியது. மேஜை வேலைக்கு மாற்றினார்கள். ஒரு படி பதவி உயர்வு கிடைத்து ஸ்குவாட்ரன் லீடர் ஆனார், அதற்கு மேல் போகவில்லை. நான் அவரிடம் நன்றி சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கவும் இல்லை. எதிரே வந்தால் சல்யூட் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருவன் நமக்குச் செய்த உபகாரம் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டால் அவனைப் பிடிக்காமல் போய்விடும். எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்காமல் போயிற்று.

என் பதினைந்து வருடம் முடிந்து ஆரணிக்குத் திரும்பினேன். களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் மெக்கானிக் வேலை. காலையில் பஸ், சாயங்காலம் பஸ், நடுவில் பெல்ட்டும் தவிடும். பிழைப்பு ஓடியது. அப்பாடா என்று இருந்த இரண்டாம் வருடம், எண்பதுகளின் தொடக்கத்தில், சாமுவேல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். உலகத்தில் வேறு ஊர் இல்லாதது போல.

ஆறு மாதத்தில் ஆரணி அவர் பையில். காலையில் தெருவில் பட்டுப் பாவு நீட்டியிருந்தால் ஸ்கூட்டரை நிறுத்தி, "ரன்வே கிளியரா?" என்று நெசவாளர்களிடம் கேட்பார். அவர்கள் கொடி காட்டுவது போலத் துண்டை ஆட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஷீர் பாய் டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அவர் அதிகம் சொன்ன கதை எது தெரியுமா? உறையை மாட்டிவிட்டு மறந்த கதை. முள் நகராததைப் பார்த்து முள்ளைத் தட்டியது, பிறகு கெஞ்சியது, பிறகு பின்னால் இருந்த சிப்பாய் "சார், மெதுவாகவே போங்கள், அவசரமில்லை" என்று சொன்னது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து டீ சிந்தும்.

நடுவில் என்னையும் இழுப்பார். "கேட்டுப் பாருங்க, ஏகாம்பரம் இங்கதான் இருக்காரு. மனுசன் ஆறு காட்டுனாரு. நான்தான் பேமானி, ஒண்ண எடுத்து மறுபடி மாட்டிட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது எஸ்தர் டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். சாமுவேலின் மனைவி. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"ஏகாம்பரண்ணே, மெட்ராஸ்ல பிளேன் ஓட்டக் கத்துக்குடுக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குது. அவரக் கூப்பிட்டிருக்காங்க. ஆனா அந்தப் பழைய ஆக்சிடென்ட் குறுக்க நிக்குது. மறதிக்காரர எப்படி வாத்தியாரா போடறதுன்னு விளக்கம் கேட்டு லெட்டர் போட்டிருக்காங்க."

"நான் இன்னா பண்ணனும் டீச்சர்?"

"வீட்டுல மழ பேஞ்சா கொடியில காயற துணியக்கூட எடுக்கத் தெரியாதுண்ணே அவருக்கு. அந்த ஆளு தூறலுக்கு எறங்கிப்போய் உறைய மாட்டுனாருன்னா நான் நம்பணுமா? வேற யாரோ பண்ண தப்பு. யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு தோணுது. அத எழுதிக் குடுங்க. அவுரு கேக்கமாட்டாரு. அதான் நானே வந்தேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மூன்று நாள் யோசித்தேன். பென்ஷன் போய்விடுமோ என்ற பயம் இருந்தது, ஊர் காறித் துப்புமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் அடியில் இருந்தது வேறு. அவர் மறுபடியும் மேலே போய்விடுவார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. நான் களம்பூரில் பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு தலைக்கு மேல் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்க வேண்டும். இப்போது தரையில் இருக்கிறார். என்னைப் போல இருக்கிறார். இருக்கட்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அவர் கதையில் ஒரு புது இணைப்பு சேர்ந்திருந்தது. நான் ஓடிவந்து "சார், உறைய எடுத்துட்டீங்களா" என்று கேட்டேனாம், அவர் திமிராகக் கையாட்டினாராம். ஒரு பட்டுத் தரகர் என் தோளைத் தட்டி, "உன்ன மாதிரி உஷார் ஆளு ஊருக்கு நாலு பேர் வேணும்பா" என்றார். எனக்கு எங்கிருந்தோ வெறி வந்துவிட்டது. செய்த தப்பையும் பிடுங்கிக்கொண்டு, அதை வைத்துக் கைத்தட்டல் வாங்கி, அதில் எனக்குப் பிச்சையும் போடுகிறார்.

"நான் அஞ்சுதான் காட்டினேன்" என்றேன்.

பஷீர் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். சாமுவேல் என்னைப் பார்த்தார். சிரிப்பை முகத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே இறக்கினார்.

"தெரியும்" என்றார். "எண்ணினேன். அஞ்சுதான் இருந்தது."

அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "மறுபடி காட்டச் சொல்லியிருக்கலாம். அப்பதான் உன்ன வெச்சு நடந்து காட்டினேன், உன் மூஞ்சி செத்துப்போச்சு. இன்னொரு தடவ வேணாம்னு விட்டேன். அப்புறம் இருபது நிமிஷம் இருந்துச்சு. நானே ஒரு சுத்து சுத்திப் பாத்திருக்கலாம். பிரதட்சணம்னு கிண்டல் பண்ணவன் தானே பிரதட்சணம் பண்ணா அந்தப் பசங்க சிரிப்பானுங்களேன்னு சிகரெட் புடிச்சிகினு நின்னேன். பின்னால ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க, ஏகாம்பரம். மறந்துட்டேன்னு சொன்னா நான் முட்டாள். தெரிஞ்சே போனேன்னு சொன்னா?"

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

அன்றைக்கே பஷீர் பாய் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மெட்ராஸ் பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். ஐந்துதான் காட்டினேன், உறையைக் கழற்றாதது நான், விசாரணையில் பொய் சொன்னதும் நான், திரு. சாமுவேலுக்கு மறதி கிடையாது. என் பெயர், சர்வீஸ் நம்பர், கையெழுத்து. சாமுவேல் அதை வாங்கிப் படித்தார். "எழுத்து நல்லாருக்குது" என்றார். பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே, ஐந்துதான் என்று எண்ணித் தெரிந்தும் நான் கிளம்பினேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நீயே போஸ்ட் பண்ணிடு. என்ன நம்பாத, நான் மறதிக்காரன்" என்று என் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் மில்லுக்குப் போகாமல் தபால் பெட்டிக்கு எதிரே வெகுநேரம் நின்றேன். தாளில் அவர் எழுதியது அடியில் தனியாக இருந்தது. மடித்து நகத்தால் அழுத்தினால் அந்த இரண்டு வரி மட்டும் சுத்தமாகக் கிழிந்து வந்துவிடும். என் கடிதம் மட்டும் போனால் வேலை அவருக்குத்தான். அதை அவரும் அறிந்திருப்பார். அறிந்துதான் என்னிடம் கொடுத்தாரோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

கிழிக்கவில்லை. முழுத்தாளையும் உறையில் போட்டு ஒட்டிப் பெட்டிக்குள் தள்ளினேன். எஸ்தர் டீச்சரிடம், அவர் எழுதியதைத் தொட எனக்கு என்ன உரிமை என்று சொன்னேன். டீச்சரும் நம்பினார். நேர்மையான மனிதன் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் இந்த மலர் போய்ச் சேரும் என்பதால் எழுதுகிறேன். நேர்மையும் இல்லை, உரிமையும் இல்லை. அவர் மேலே போவதை என் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் கிழிக்கவில்லை.

என் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வாரம் மெட்ராஸிலிருந்து அவருக்கு ஒரு பதில் வந்தது, வருந்துகிறோம் என்று. அடுத்த ஞாயிறு அதை டீக்கடைக்குக் கொண்டுவந்து, அந்த அதிகாரியின் குரல் எப்படி இருக்கும் என்று தானே கற்பனை செய்துகொண்டு, மூக்கால் பேசிப் படித்துக் காட்டினார். கடையே சிரித்தது. அன்று எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் நான்.